சிறு வயலுக்குப் பெரிய உழவு யந்திரம் ஏற்றதா?

கண்டி நகரைச் சூழ்ந்த உடுநுவரை, யட்டிநுவரை, கம்பளை, தெல்தெனியாப் பகுதிகளில் நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோர் உழவுக்கு ஆள் தேடி அலைவது இன்று வழக்கமாகிவிட்டது. எருமை வளர்ப்போரும் குறைந்துவிட்டனர். ஆதலால், கையிற் சிறிது பணம் சேர்ந்த கமக்காரர் சொந்தமாக ஓர் உழவு யந்திரம் வாங்க எண்ணுவது இயல்பே. ஆனால், எந்த அளவான யந்திரத்தை வாங்குவது என்பதில் அவர் தவறுவாராயின், அத்தவறு பல போகங்களின் விளைச்சலை விழுங்கிவிடும்.

விற்பனைக்கு உள்ளவை பெரும்பாலும் இருவகை. ஆசனத்தில் அமர்ந்து ஓட்டும் நான்கு சில்லு யந்திரம் ஒன்று. அது 35 முதல் 50 வரையான குதிரைவலு உடையது. ஒன்றரை முதல் இரண்டு தொன் வரை நிறையுள்ளது. கைப்பிடியைப் பற்றிப் பின்னே நடந்து செலுத்தும் இரண்டு சில்லு யந்திரம் மற்றையது. அதன் வலு 8 முதல் 12 வரை. நிறை அரைத் தொன்னுக்கும் குறைவு. பின்னதை நம் மக்கள் இன்றும் ‘லாண்ட் மாஸ்டர்’ என்றே அழைப்பர். நம் நாட்டுப் பொறியியலாளர் றே விஜேவர்த்தன 1950ஆம் ஆண்டுகளில் உருவாக்கிய யந்திரத்தின் பெயர் அது. பின்னர் வந்த யப்பானிய யந்திரங்களுக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

மலைநாட்டுச் சிறு வயலுக்குச் சிறிய யந்திரமே ஏற்றது என்பது எமது துணிபு. பெரியது குறைபாடுடையது என்பதனால் அன்று. நமது வயல்கள் அதற்காக வெட்டப்பட்டவை அல்ல என்பதனால்.

கணக்கிட்டுப் பாருங்கள். 60 அடி நீளமும் 40 அடி அகலமும் உள்ள ஒரு வயற்பாத்தியை எடுத்துக்கொள்வோம். படிக்கட்டு வயல்களில் இது பெரிய பாத்தி என்றே சொல்லலாம். இத்தகைய பாத்திகள் பதினெட்டுச் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர் ஆகும். கலப்பை பூட்டிய பெரிய யந்திரம் திரும்புவதற்கு ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 20 அடி வேண்டும். இரு முனைக்கும் 40 அடி போனால், நேராக உழுவதற்கு எஞ்சுவது 20 அடியே! மூலைகளையும் வரம்போரங்களையும் முன்போல மண்வெட்டியாற் கொத்தவேண்டியதே. ஓர் ஏக்கரை இரண்டு மணி நேரத்தில் உழுதுவிடலாம் என்று விற்பவர் கூறுவது சமநிலத்துக்குப் பொருந்தும். பதினெட்டுப் பாத்திகளுக்குப் பொருந்தாது.

ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு இறங்குவது எவ்வாறு என்பதையும் எண்ணவேண்டும். சிறிய யந்திரத்தை இருவர் பலகையிட்டு இறக்கிவிடலாம். பெரியது வரம்பை உடைத்துக்கொண்டே செல்லும். அவ்வரம்பு அயலவருடையதாயின், உழவுக்கூலியோடு பகையும் வந்து சேரும்.

பள்ளத்தாக்கின் அடியிலுள்ள சேற்று வயல்களில் இடர் இன்னும் பெரிது. உழவுமண்ணுக்குக் கீழே இறுகிக் கிடக்கும் கடினப் படையே வயலில் நீரைத் தாங்கி நிற்பது. எருமையும் மனிதரும் தலைமுறை தலைமுறையாக மிதித்து உண்டாக்கிய படை அது. இரண்டு தொன் யந்திரம் அங்கே புதைந்து, மீள முயன்று சில்லைச் சுழற்றுமாயின், அப்படை கிழிந்துவிடும். பின்னர் அவ்விடத்தில் நீர் நில்லாது. நடப்போரின் கால்களும் இடுப்பளவு புதையும்.

இதே மாவட்டத்தின் கிழக்கெல்லையில், ஹசலக்கையைச் சார்ந்த மினிப்பே நீர்ப்பாசனத் திட்டத்தில் பயிரிடுவோருக்கு மேற்கூறியவை பெரும்பாலும் பொருந்தா. அங்குள்ள வயல்கள் சமனானவை, பாத்திகளும் பெரியவை. அவர்கள் பெரிய யந்திரத்தை வாடகைக்கு அமர்த்துவதே முறை. அங்கே ஓடுவதைக் கண்டுவந்து கெலிஓயாவில் வாங்குவதுதான் பிழை.

பெரிய யந்திரம் உழாத நாட்களில் மணலும் கல்லும் ஏற்றிப் பொருள் தேடித் தரும் என்று சிலர் வாதிப்பர். தரக்கூடும். ஆயின் அது போக்குவரத்துத் தொழில். அதன் வரவு செலவைத் தனியே எழுதிப் பார்க்கவேண்டும். கடனைத் தீர்க்க மணல் ஏற்றப் புறப்பட்டவர், தம் வயலை உழவேண்டிய வாரத்தில் பிறர் வீட்டு வாசலில் நிற்பதை நாம் காணாமல் இல்லை.

சிறிய யந்திரத்திலும் குறைகள் உண்டு. சேற்றில் நாள் முழுதும் அதன்பின் நடப்பது முதியவர்க்குக் கடினம். கைப்பிடியின் அதிர்ச்சி தோளை வருத்தும். சுழல் கலப்பையை ஓடவிட்டபடி பின்னோக்கிச் செலுத்துவது காலுக்கே ஆபத்து. இவற்றினும் மேலாக, மலைப்பாதையில் இழுவைப்பெட்டியுடன் இறங்கும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. சமதரையில் இடப்புறக் கிளச்சுப் பிடியை அழுத்தினால் இடச்சில்லு வலுவிழக்க, யந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்திலோ பாரம் பின்னிருந்து தள்ளும். அப்பொழுது அதே பிடியை அழுத்தினால், இடச்சில்லு தடையின்றி விரைந்து ஓட, எஞ்சின் பிடித்துநிற்கும் வலச்சில்லு பின்தங்கும். யந்திரம் வலப்பக்கம் பாயும். பள்ளம் எப்பக்கம் இருக்கிறதோ அப்பக்கம் சென்றபின் அறிந்து பயனில்லை. இறக்கம் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்க. கிளச்சுப் பிடிகளைத் தொடாது, கைப்பிடியை உடல்வலுவால் திருப்பியே இறங்குக. பெட்டியின் பிரேக்கைப் புறப்படுமுன் சோதித்துக்கொள்க.

மரக்கறித் தோட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுபோகத்தில் வயலிலேயே போஞ்சியும் தக்காளியும் இடுவோருக்குச் சிறிய யந்திரம் நன்கு உதவும். ஆனால் மாறஸ்ஸனை, ஹேவாஹெட்டைப் பக்கத்துச் சரிவுகளில், மழைக்குமுன் சுழல் கலப்பையால் மண்ணை மாவாக்குவதை நாம் ஏற்கமாட்டோம். ஒக்டோபர் மழையின் முதல் வேகத்திலேயே அம்மண் ஓடைக்கு இறங்கிவிடும். ஓடையிலிருந்து மகாவலிக்குச் சேரும். விக்டோரியா அணைக்குப் பின்னே வண்டலாய்ப் படியும். மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே இயற்றப்பட்டது. சரிவுகளோ இன்றும் வழிந்தோடுகின்றன. உழவு யந்திரத்தை ஆக்கிய விஜேவர்த்தனவே பிற்காலத்தில், இவ்வளவு உழவு வேண்டுமா என்று வினவி, சரிவுகளில் மரவேலி நட்டு மண்ணைக் காக்கும் முறைக்குத் திரும்பினார் என்பது நினைக்கத்தக்கது. அத்தகைய நிலத்துக்குச் சம உயரக்கோட்டில் வெட்டிய மேடையும் மண்வெட்டியுமே போதும். யந்திரம் சிறிதாயினும் வேண்டியதில்லை.

இனி, சிறிய யந்திரத்தையேனும் ஒருவர் தனித்து வாங்கலாமா? ஓர் ஏக்கர் வயலை அது இருமுறை உழுது மட்டப்படுத்த ஏறத்தாழ 15 மணி நேரம் செல்லும். இரு போகத்துக்கும் 30 மணி நேரம். ஆண்டின் மற்றைய நாளெல்லாம் அது கொட்டிலில் உறங்கும்; தவணைப் பணமோ உறங்காது. தட்டுமாறு முறையில் உரிமையாளர் ஆண்டுக்கு ஒருவராக மாறிமாறிப் பயிரிடும் வயல்களில், சில ஆண்டுகள் உழுவதற்கு நிலமே இராது. 2022இல் டீசல் தட்டுப்பாடு வந்தபோது, யந்திரம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வரம்பில் நின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

ஆகவே, ஒரே வயல்வெளியில் ஐந்தாறு குடும்பத்தினர் கூடி வாங்குவதே எமக்குச் சரியெனத் தோன்றுகிறது. கமக்காரர் அமைப்பின் வாயிலாகவும் செய்யலாம். கமநல சேவை நிலையத்து உத்தியோகத்தரை முற்பணம் கட்டுமுன் கலந்துகொள்க, கட்டியபின் அன்று. கூட்டு உடைமையிற் சண்டை வருவது பெரும்பாலும் பணத்தினால் அன்று. ‘முதலில் யார் வயலை உழுவது?’ என்பதனாலேயே. மேற்படியிலிருந்து நீர் கீழ்ப்படிக்கு இறங்குவதால், உழவும் மேலிருந்தே தொடங்கவேண்டும். கீழ்வயற்காரருக்கு இது கசப்பாயிருக்கும். யந்திரத்தை ஓட்டுபவர் அவர்களுள் ஒருவராயிருப்பின் கசப்புக் குறையும். ஓட்டுபவர் யார், எண்ணெய்க்கு யார் கொடுப்பது, சில்லு உடைந்தால் யார் பொறுப்பு என்பவற்றைப் போகத்துக்கு முந்திய கூட்டத்திலேயே எழுதி, எல்லாரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்வது நன்று.