டெனாலி யாத்திரையும் சறுக்குவண்டி நாய்களும்

நம் கல்லூரியின் பழைய மாணவரிற் சிலர் அமெரிக்க தேசத்தில் வாசஞ் செய்கின்றனர். அவருள் விடுமுறைக் காலத்தில் அலாஸ்கா நாட்டைக் கண்டு வர விரும்புவோர் முதற்கண் செய்யும் காரியம் ஒரு மோட்டார் வண்டியை வாடகைக்குப் பேசி வைப்பதே. வண்டி கையில் இருந்தால் எவ்விடத்துக்கும் எந்நேரத்திலும் போகலாமன்றோ என்பது அவர்தம் எண்ணம். டெனாலி தேசீய வனத்தைப் பொறுத்தமட்டில் இவ்வெண்ணம் முற்றும் பிழையானது என்பதும், அங்குள்ள நாய்க் கொட்டிலைக் குழந்தைகளின் வேடிக்கையென்று தள்ளிவிடுவது அதனினும் பெரிய பிழை என்பதும் நமது கருத்து. அவ்விரண்டு பிழைகளையும் நாமே செய்துவிட்டுப் பின்னர்த் தெளிந்தோமாதலின், இதனை எழுதத் துணிந்தோம்.

டெனாலி என்றவுடன் ஆந்திர நாட்டு விகடகவியின் ஊர் நினைவிற்கு வருதல் இயல்பே. இது வேறு. அலாஸ்காவின் பூர்வ குடிகளான கொயுகான் மக்களின் மொழியில் ‘உயர்ந்தது’ என்று பொருள்படும் மலையின் பெயர் இது. அம்மலை 20,310 அடி உயரமுள்ளது. வட அமெரிக்காவில் அதனின் மிக்க சிகரம் இல்லை. 1917-ஆம் ஆண்டில் மக்கின்லி மலைத் தேசீய வனம் என்ற பெயரால் நிறுவப்பெற்றது, 1980-இல் டெனாலி என்று பெயர் மாற்றம் பெற்றது. மலையின் பெயரோ 2015-இல் ஒரு முறையும் 2025-இல் மறுமுறையும் அரசாங்க ஆணையால் மாறியது. வனத்தின் பெயர் டெனாலி என்றே நின்றது. ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லைப் ‘பூங்கா’ என்று பெயர்ப்பது வழக்கமாயினும், அறுபது லட்சம் ஏக்கர் பரந்து, கரடியும் ஓநாயும் காரிபூ மானும் உலவும் இடத்தைப் பூங்கா என்பதற்கு நமது நாவு கூசுகின்றது.

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாம் ஆங்கரேஜ் நகரினின்று வாடகை வண்டியில் அங்குச் சென்றோம். ஏறக்குறைய 240 மைல் தூரம், சாலை நன்று. வனத்தின் வாயிலைத் தாண்டியதும் பெருமிதத்தோடு உள்ளே செலுத்தினோம். பதினைந்தாம் மைலில், ஸாவேஜ் ஆற்றுப் பாலத்தருகே, சொந்த வண்டிகள் அதற்கப்பாற் செல்லலாகாது என்று தடுத்துவிட்டார்கள். வனத்தினுள் ஓடும் பாதை 92 மைல் நீளமுடையது. அதில் ஆறில் ஒரு பங்குகூட நாம் கண்டிலோம். சரி, நாய்களையாவது பார்ப்போம் என்று திரும்பி, மூன்றாம் மைலை அடுத்துள்ள தலைமையகத்துக்குச் சென்றால், கொட்டிலுக்கு வருவோர் வண்டியை நிறுத்த அங்கு இடமே இல்லை. வனத்தாரின் இலவச பஸ் ஒன்றே பார்வையாளரை அங்குக் கொண்டு செல்லும். மீண்டும் கீழே வந்து விசாரித்தபோது, அன்றைய கடைசிக் காட்சிக்குரிய பஸ் போய்விட்டது. ஆகப் பணமும் ஒரு பகலும் வீண். குற்றம் பிறர் மேலன்று. புறப்படுமுன் ஒரு நாழிகை உட்கார்ந்து படித்திருந்தால் அறிந்திருக்கக் கூடியவற்றை அறியாமற் சென்றது நமது குற்றமே.

அன்றிரவு கோபம் தணிந்தபின் யோசித்தோம். இத்தடை எதற்காக? 1938-இல் அப்பாதை முடிவுற்றபோது, அங்கு வருவோர் சிலரே. பெரும்பாலோர் புகைவண்டியில் வந்தவர். 1971-இல் ஆங்கரேஜையும் பேர்பாங்க்ஸையும் இணைக்கும் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. இனி வண்டிகள் வெள்ளம்போற் புகும் என்பதை முன்னறிந்த வனத்தார், அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1972-இலேயே, பஸ் முறையை ஏற்படுத்தினர். வெள்ளம் வந்தபின் அணை போடுவோரே உலகத்தில் மிகுதியாதலால், இச்செயலை நாம் வியக்கின்றோம். பின்னர் ஒரு கோடைக்கு 10,512 வண்டிகளே அப்பாதையின் தடுக்கப்பட்ட பகுதியிற் செல்லலாம் என்று எல்லையும் வகுத்தனர். பாதையோ பதினைந்து மைலுக்கு மேல் ஜல்லி பரப்பியது. பல இடங்களில் குறுகியது. ஒரு புறம் மலை, மறுபுறம் பாதாளம். இரண்டு வண்டிகள் எதிர்ப்படின் ஒன்று நின்று வழிவிட வேண்டும். அதன்மேல் ஆயிரக்கணக்கான கார்கள் புழுதி கிளப்பி ஓடுமாயின், டால் ஆடுகள் பாதையைக் கடந்து மேய்ச்சலுக்குச் செல்லுமோ? கரடி தன் குட்டிகளோடு ஓரத்தில் நின்று கிழங்கு தோண்டுமோ?

மறுநாள் பஸ்ஸில் ஏறினோம். ஒரு மணி நேரத்துக்குள் தாய்க்கரடி ஒன்றையும் குட்டிகள் இரண்டையும் கண்டோம். எவரேனும் ஒருவர் ‘நிறுத்துக’ என்று கூவினால் ஓட்டுநர் நிறுத்துவார். நாற்பது பேருடைய கண்கள் ஒருவனுடைய கண்களைவிட எவ்வளவு கூர்மையானவை என்பதை அன்றுதான் அறிந்தோம். சொந்த வண்டியிற் சென்றிருந்தால் நமது கண் பாதையிலும் பள்ளத்திலுமே பதிந்திருக்கும். மேலும், சாதாரண பஸ்ஸில் வேண்டிய இடத்தில் இறங்கி நடந்து, பிறகு வரும் மற்றொரு பஸ்ஸில் இடமிருப்பின் ஏறிக் கொள்ளலாம். இதைவிட வேறு சுதந்திரம் யாது வேண்டும்? மலை மட்டும் நமக்குத் தரிசனம் தரவில்லை. மேகம் மறைத்திருந்தது. கோடையில் வருவோரில் மூவரில் ஒருவரே அதைக் காண்கின்றனர் என்று சொல்லித் தேற்றினார்கள்.

முதியோரும் நோயாளரும் பஸ்ஸில் நெடுநேரம் குலுங்கிச் செல்ல முடியுமா என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. சக்கர நாற்காலியை ஏற்றவல்ல பஸ்கள் அங்கு உண்டு. இடம் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். நாற்பத்து மூன்றாம் மைல் வரை போய் மீள ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். அதனைத் தாங்க இயலாதார்க்கு ஸாவேஜ் ஆறு வரை பஸ்ஸும் உண்டு, சொந்த வண்டியும் செல்லும். இவ்வளவு இருக்க, ‘என் வண்டி, என் இஷ்டம்’ என்பாருடைய முறையீட்டுக்கு நாம் செவி சாய்ப்பதற்கில்லை.

நாற்பத்து மூன்றாம் மைல் என்றோமே, அதற்கும் ஒரு காரணமுண்டு. அதற்கடுத்துப் ‘பிரிட்டி ராக்ஸ்’ என்னுமிடத்தில் நிலத்தடியில் உறைந்து கிடந்த பனி உருகி, மலைச்சரிவே பாதையோடு நழுவத் தொடங்கிற்று. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மணிக்கு அரை அங்குலத்துக்கு மேல் நகர்ந்தமையால் பாதையை மூடிவிட்டனர். 2023-இல் பாலம் கட்டும் வேலை ஆரம்பமாயிற்று. செல்லக் கருதுவோர் அவ்வாண்டில் பாதை எம்மட்டும் திறந்துள்ளது என்பதை முதலில் விசாரித்துக் கொள்க.

இனி நாய்கள். மூன்றாம் நாட் காலையிற்றான் அவற்றைக் கண்டோம். டால் ஆடுகளை வேட்டைக்காரர் கொன்று சந்தைக்கு அனுப்புவதைக் கண்டு வருந்திய சார்ல்ஸ் ஷெல்டன் என்பார் இவ்வனம் அமைய உழைத்தவர். அவருக்கு வழிகாட்டியாயிருந்த ஹாரி கார்ஸ்டென்ஸ் என்பவரே 1921-இல் வனத்தின் முதல் தலைமை அதிகாரியானார். 1913-இல் அம்மலையின் சிகரத்தை முதன்முதல் எட்டிய நால்வரில் அவரும் ஒருவர். அக்கூட்டத்தில் யூக்கான் பிரதேசத்து ஆர்ச்டீக்கன் ஹட்ஸன் ஸ்டக் ஐயரும் இருந்தார். நாய் வண்டியில் ஆயிரக்கணக்கான மைல் சுற்றி ஊழியஞ் செய்தவர் அவர். சிகரத்தில் முதலடி வைத்தவர் அலாஸ்காவின் பூர்வகுடித் தாய்க்குப் பிறந்த வால்டர் ஹார்ப்பர் என்னும் இளைஞர். கள்ள வேட்டையைத் தடுக்கப் பனிக்காலத்தில் எல்லைகளைச் சுற்றிவர வேண்டியிருந்தமையால், கார்ஸ்டென்ஸ் 1922-இல் நாய்க் கொட்டிலை ஏற்படுத்தினார். அன்று தொடங்கிய வேலை இன்றும் நடைபெறுகின்றது.

‘பனியில் ஓடும் மோட்டார் வந்தபின் நாய் எதற்கு? பழைய காலத்தைக் காட்டும் பொம்மலாட்டமன்றோ?’ என்பர் சிலர். அன்று. வனத்தின் நடுவிலுள்ள இருபது லட்சம் ஏக்கர், சட்டத்தாற் காக்கப்பட்ட தனிக்காடு. அங்கு எந்திர வண்டிகளுக்குப் பொதுவாக இடமில்லை. பனிக்காலத்தில் காவலர் வாரக்கணக்காக நாய்களோடு அங்குத் திரிகின்றனர். பழைய மரக்குடில்களில் தங்குகின்றனர். ஆராய்ச்சியாளரின் கருவிகளையும் பழுது பார்க்கும் சாமான்களையும் ஏற்றிச் செல்கின்றனர். கழிவு நாற்பது டிகிரிக் குளிரில் எந்திரம் உயிர்விட்டால், அதைத் தட்டியெழுப்ப ஆளில்லை. (அந்த அளவில் பாரன்ஹீட், சென்டிகிரேட் என்ற பேதமும் இல்லை.) நாயோ மயிர் செறிந்த வாலால் மூக்கைப் பொத்திக்கொண்டு பனியிலேயே உறங்கி, காலையில் உடம்பை உதறி எழுந்து நிற்கும்.

கொட்டிலில் முப்பது நாய்கள் வரை உண்டு. பந்தயத்துக்கு வளர்ப்பன போல் மெல்லியவை அல்ல. நீண்ட கால்களும் அடர்ந்த ரோமமும் பாரம் இழுக்கும் வலிவும் உடையன. கோடையில் சக்கரம் பூட்டிய வண்டியை ஜல்லிப் பாதையில் ஒரு சுற்று இழுத்துக் காட்டுகின்றன. காவலர் சேணத்தை எடுத்த மாத்திரத்தில், ‘என்னைப் பூட்டு, என்னைப் பூட்டு’ என்று கேட்பன போல அத்தனை நாய்களும் குதித்துக் குரைத்த ஆரவாரத்தை நாம் மறக்கமாட்டோம். ‘ஜீ’ என்றால் வலம், ‘ஹா’ என்றால் இடம். கடிவாளம் இல்லை, சொல்லொன்றே. ஒன்பது வயதளவில் ஓய்வு பெறுகின்றன. விரும்பிக் கேட்கும் குடும்பங்கள் அவற்றை வளர்க்க ஏற்கின்றன.

ஆகவே நாட்களை எவ்வாறு வகுப்பது? நமது யோசனை இது. ஆங்கரேஜிலிருந்து கோடையில் தினமும் காலை எட்டு மணி அளவில் புறப்படும் புகைவண்டி, பிற்பகல் நான்கு மணிக்குச் சற்று முன்னர் அங்குச் சேரும். நாய்க் காட்சிகள் ஜூன் முதல் ஆகஸ்டு வரை காலை 10, பிற்பகல் 2, 4 மணிகளில் நடைபெறும், கட்டணமில்லை, ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிஷம் முன்னரே பஸ் புறப்பட்டுவிடும். அதனால் வந்த நாளிலேயே நாய்களைக் காணலாம் என்று எண்ணற்க. இரண்டாம் நாள் முழுவதையும் வனப் பாதைக்கு ஒதுக்குக. மூன்றாம் நாட் காலைக் காட்சியைக் கண்டு, நண்பகலுக்குப் பின் தெற்கே திரும்பும் வண்டியைப் பிடிக்கலாம். இரண்டு இரவுகளுக்குக் குறைந்தால் ஒன்றை இழப்பது நிச்சயம். கால அட்டவணை ஆண்டுதோறும் சிறிது மாறுமாதலின் முன்கூட்டிச் சரிபார்க்க வேண்டும். வனப் பாதை பஸ்ஸில் உணவு கிடையாது, கட்டிக்கொண்டே ஏறுக. நம்மோடு வந்த நண்பர் அதை நம்பாமல் வெறுங்கையோடு ஏறி, திரும்பும்வரை நமது ரொட்டியில் பாதியைத் தின்றார்.