மலிவுச் சட்டையும் மற்றவர் கூலியும்



தீபாவளி வருகிறது. “நியாயமாகக் கூலி கொடுத்துச் செய்த பொருளைத்தான் வாங்கணும்” என்று யாராவது சொன்னால், “அதெல்லாம் காசு இருக்கிறவங்க பேச்சு” என்று நம்மில் பலர் சிரிக்கிறோம். இது சிரிக்கிற விஷயம் இல்லை என்பது என் கருத்து.

இதே பதிலை காந்தியடிகளிடமே நம் பக்கத்து மக்கள் சொல்லியிருக்கிறார்கள். 1921 செப்டம்பரில் அவர் ரயிலில் மதுரைக்கு வந்தார். கூட வந்தவர்களிடம் அந்நியத் துணியை விட்டுக் கதர் கட்டச் சொன்னார். கதர் விலை அதிகம், நாங்கள் ஏழைகள் என்றார்கள். அவர் கோபப்படவில்லை. செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில் அரையாடைக்கு மாறினார். ஏழைகள் மேல் இரக்கம் என்று மட்டும் நாம் படிக்கிறோம். எனக்கு அதில் ஒரு கணக்கும் தெரிகிறது. நல்ல துணி விலை அதிகமா? அப்போ துணியைக் குறை! (நாம் அரையாடை கட்ட முடியாது, எண்ணிக்கையைக் குறைக்கலாம்.)

எங்க அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறார். பொன்னமராவதியில் 250 ரூபாய்க்குச் சுடிதார் கிடைக்கிறது. பஞ்சு, நூல், சாயம், தையல், லாரி வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் அந்த 250-க்குள் அடக்கம். அப்படியென்றால் தைத்தவளுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? எங்க தெரு அக்கா ஒருத்தர் நூல் மில்லுக்குப் போனார். மூணு வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஏஜெண்டு சொன்னார். சுமங்கலித் திட்டம் என்று பெயர். உடம்பு முடியாமல் பாதியில் வந்துவிட்டார், அந்தப் பணம் வரவே இல்லை. வங்காளதேசத்தில் 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல். தையல்காரப் பெண்களை மறுநாளும் வேலைக்கு வரச் சொன்னார்கள்.

நம்ம காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் எங்க அம்மா ஒன்று வாங்கிக் கட்ட முடியாது. அதற்காக நெசவாளிக்குக் கூலியைக் குறைக்கச் சொல்ல முடியுமா? ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 1983-ல் ஆரம்பித்த இலவச வேட்டி சேலைத் திட்டத்தில் ஏழைகளுக்குப் பொங்கலுக்குச் சேலை, நெசவாளிகளுக்கு வேலை. கோ-ஆப்டெக்சில் தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி தருகிறார்கள், துண்டு, போர்வையாவது அங்கே வாங்கலாம். சிவகங்கை மாவட்டப் பிள்ளைகள் நாமே அந்தக் கடைக்குள் நுழையாவிட்டால் எப்படி?

இன்னொன்றும் சொல்லணும். ஒரே சுடிதாரை இரண்டு தீபாவளிக்குப் போட்டால் “போன வருஷச் சட்டை” என்று கேலி செய்கிறோம். அந்தக் கேலிக்குப் பயந்துதான் பாதிப் பேர் 250 ரூபாய்ச் சட்டை வாங்குகிறார்கள், அம்மாவின் சம்பளத்துக்குப் பயந்து மட்டும் இல்லை. கேலி செய்கிற தோழிகளே, அதை மட்டும் நிறுத்துங்கள். அதற்குக் காசு வேண்டாம்.

நான் இந்த வருஷம் துணி எடுத்து எங்க தெரு தையல்கார அக்காவிடம் கொடுக்கப் போகிறேன். கூலி அவர் கைக்குப் போவது என் கண்ணுக்குத் தெரியும். உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைக்கச் சொல்லியிருக்கிறேன், அடுத்த வருஷம் பிரித்துவிடலாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி