கால் நடக்கட்டும்... சக்கரம் சுழலட்டும்!

— மூன்றாம் ஆண்டு, சிவில்

ஆகஸ்ட் 29-ல் கொடியேறினால் போதும், நம்ம பக்கத்து ரோடெல்லாம் காவி நிறமாகிவிடும். சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே வருகிறவர்கள், சின்னச் சப்பரத்தில் மாதாவை வைத்து இழுத்து வருகிறவர்கள், கூட்டமாகச் சைக்கிளில் வருகிறவர்கள்... செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் கால் வைக்க இடமிருக்காது. சாதி, மதம் எதுவும் அந்தக் கூட்டத்தில் குறுக்கே நிற்பதில்லை. இத்தனை பேரை நடக்க வைக்கிற ஊர் தமிழ்நாட்டில் பழனி, வேளாங்கண்ணி மாதிரி ஒரு சிலதான் இருக்கும்.

ஆனால் நண்பர்களே, ஒரு கேள்வி. இத்தனை பேர் நடந்து வருகிற ஊருக்கு, வழி நெடுக நடக்க ஒரு பாதை உண்டா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெள்ளைக் கோட்டு ஓரமாக, பஸ்ஸும் லாரியும் உரசிப் போக, இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டுதான் பாதி தூரம் வருகிறார்கள். பாதயாத்திரை போனவர்கள் மீது வண்டி மோதிய செய்தியைப் பேப்பரில் படிக்கிறோம். 'பாவம்' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறோம். பதினோரு நாள் விருந்தாளிக்கே இந்தக் கதி என்றால், வருஷம் பூரா இங்கேயே இருக்கிற நமக்கு?

நடைபாதை, சைக்கிள் பாதை, பொதுப் பூங்கா என்றாலே அதெல்லாம் பெரிய சிட்டி சமாச்சாரம் என்று நினைக்கிறோம். குடிதண்ணீர், தெருவிளக்கு மாதிரி இதுவும் ஓர் ஊருக்கு வேண்டிய சாமான் என்பதுதான் என் கட்சி. அதைக் கொண்டுவருவதில் டிப்ளமோ படிக்கிற நமக்கும் வேலை இருக்கிறது.

சுகர் வந்த ஊர்

ஒரு காலத்தில் சுகர், பிரஷர் எல்லாம் பணக்கார வியாதி. இப்போது எந்தத் தெருவில் இல்லை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக அது சொன்னது. 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தர வேண்டிய நிலைமை வந்துவிட்டது. நல்ல திட்டம்தான். ஆனால் மாத்திரை வாசலுக்கு வருகிறது. நாம் வாசலைத் தாண்டுகிறோமா?

நம்ம டெல்டாவையே பாருங்கள். நாற்று நட, களை பறிக்க, கதிர் அறுக்க, கட்டுத் தூக்க என்று உடம்பை முறித்த ஜனங்கள். இன்றைக்கு நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின். குனிந்து ஒடிந்த முதுகுக்குத்தான் அந்த மெஷினின் அருமை தெரியும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலை மாறிய அளவுக்குத் தட்டு மாறவில்லை. மூன்று வேளையும் அதே அரிசிதான். பெட்டிக் கடைக்குப் போக பைக், டீ குடிக்கப் போக பைக். நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவிட்டு, அந்தச் சுவர் ஓரமாகவே பைக்கை முறுக்கிக்கொண்டு போகிறோம்.

வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு சற்று மூச்சு வாங்குகிற மாதிரி அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் 8 கிலோமீட்டர் மிதித்தால் அரை மணி நேரம். வாரம் ஐந்து நாள், காலேஜுக்கு வருகிற வழி மட்டும் கணக்கில் எடுத்தாலே 150 நிமிஷம் முடிந்தது! திரும்பிப் போவது போனஸ். ஜிம்முக்குக் காசு வேண்டாம், பெட்ரோலுக்கும் காசு வேண்டாம்.

சைக்கிள் என்றால் கேவலமா?

'பைக் இல்லாதவன்தான்டா சைக்கிள்ல வருவான்' — நம் கேண்டீனில் காதில் விழுகிற வசனம்தான். புதுக்கோட்டை மாவட்டத்தின் கதையைக் கேட்டால் இப்படிப் பேச வாய் வராது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் குவாரியில் வேலை பார்த்த பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பெண்கள் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு மிதித்துப் போய்க்கொண்டே இருந்தார்கள். பஸ்ஸுக்கும் கணவனுக்கும் காத்திருக்காமல் ஒரு பெண் தன் வேலைக்குத் தானே கிளம்புவது சின்ன விஷயமா?

அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் ஒன் படிக்கிறவர்களுக்கு இலவச சைக்கிள் தருகிற மாநிலம் நம்முடையது. பிளஸ் டூ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்த நண்பர்களே, அந்த சைக்கிள் இப்போது எங்கே? மாட்டுக் கொட்டகையில்தானே! அதைத் தூக்கிப் போட்டதற்கு உங்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சைக்கிள் கொடுத்தார்கள், சரி. அதை ஓட்டப் பாதை? எதிரே வருகிற பஸ்ஸைப் பார்த்து மண்ணில் இறங்கி நிற்கிற பிழைப்பு எத்தனை நாளைக்கு?

இடம் எங்கே?

'ரோட்டையே அகலப்படுத்த இடம் இல்ல, இதுல சைக்கிளுக்குத் தனிப்பாதையாம்!' என்பார்கள். நம்ம ஊரில் இடம் இருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை. ஆறும் வாய்க்காலும் இல்லாத ஊர் டெல்டாவில் ஏது? ஒவ்வொரு ஆற்றுக்கும் இரண்டு கரை. வேளாங்கண்ணிக்கு வெள்ளையாறு இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை கடற்கரையை ஒட்டியே போகிற வேதாரண்யம் கால்வாய் இருக்கிறது. லாரி வராத, ஹாரன் கேட்காத வழிகள் இவை.

இனி நம் பாடத்துக்கு வருவோம். சைக்கிள் பாதைக்கு இந்திய சாலைப் பேராயம் 1962-லேயே விதிமுறை போட்டுவிட்டது. அதன்படி இரண்டு சைக்கிள் போக 2 மீட்டர், முந்திச் செல்லவும் இடம் வேண்டுமென்றால் 3 மீட்டர் போதும். சைக்கிள் மட்டும் போகிற பாதைக்குக் கனமான தார் வேண்டாம். நன்றாக கிராவல் போட்டு, ரோலர் ஓட்டி, தண்ணீர் வடிய வாட்டம் விட்டாலே ஓடும்.

ஆனால் கரை என்பது முதலில் வெள்ளத்தைத் தடுக்கிற கரை. நீர்வளத் துறை சம்மதம் இல்லாமல் ஒரு கூடை மண்கூட எடுக்கக் கூடாது. கரை உச்சியில் பெரிய மரம் வைக்கக் கூடாது. புயலில் வேரோடு சாய்ந்தால் கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும். மரத்தைக் கரைக்கு வெளியே, அடிவாரம் தள்ளி நட வேண்டும். விவசாயியின் டிராக்டரும் அறுவடை மெஷினும் அந்தக் கரையில்தான் போகின்றன. நடுவில் கல் நட்டு மறித்தால் முதல் சண்டை அவரோடுதான் வரும். அவரையும் உட்கார வைத்துப் பேசித்தான் வரைபடம் போட வேண்டும். எல்லாக் கரையும் இதற்குத் தோதுப்படாது. எது தோதுப்படும் என்று அளந்துதான் சொல்ல முடியும்.

'இந்த வெயில்ல எவன் மிதிப்பான்?' — நியாயமான கேள்வி. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நம்ம பக்கம் கரையேறி, இருந்த நிழலையும் சாய்த்துவிட்டுப் போனது. ஆகவே மரம் முதலில், பாதை பிறகு. உப்புக் காற்று தாங்குகிற புன்னை, பூவரசு, புங்கன் எல்லாம் நம்ம மண்ணின் பிள்ளைகள். இன்று நட்டால் நம் தம்பி, தங்கைகள் டிப்ளமோ முடிக்கும்போது நிழல் கிடைக்கும்.

பூட்டிய பூங்கா யாருக்கு?

பூங்காவும் நமக்குப் புதிது இல்லை. கோயிலுக்கு ஒரு நந்தவனம் என்பது நம் வழக்கம். தஞ்சையில் பெரிய கோயிலை ஒட்டியுள்ள சிவகங்கைப் பூங்கா 1870-களில் நகராட்சி உண்டாக்கியது. நூறு வருஷத்துக்கு மேல் தஞ்சைப் பிள்ளைகள் ஓடி விளையாடிய இடம். அதுவே சீர்மிகு நகரத் திட்டத்தில் புதுப்பிப்பதற்காகப் பூட்டப்பட்டு, வருஷக் கணக்கில் மூடிக் கிடந்தது. திறந்து கிடந்தால்தானே பூங்கா!

வேளாங்கண்ணிக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய 'ஹிருதய்' திட்டத்தில் நாடு முழுக்கப் பன்னிரண்டு ஊர்களைத்தான் எடுத்தார்கள். காசி, அமிர்தசரஸ், அஜ்மீர், பூரி என்ற பெரிய பெயர்களுக்கு நடுவே தமிழ்நாட்டிலிருந்து காஞ்சிபுரமும், ஒரு பேரூராட்சியான நம்ம வேளாங்கண்ணியும்! ஒதுக்கீடு சுமார் 22 கோடி ரூபாய். திட்டம் 2019 மார்ச்சோடு முடிந்தது. ஹிருதய் என்றால் இதயம். இதயத்துக்கு டாக்டர் எழுதித் தருகிற முதல் மருந்தே நடைதானே?

திட்டம் எதுவானாலும் ஒரு தேதியில் முடிந்துவிடும்; புல் முடிவதில்லை, அது வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அதை வெட்ட ஆள், ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய், ராத்திரிக்கு விளக்கு, பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை — இதற்கு வருஷா வருஷம் காசு ஒதுக்காத பூங்கா, கல்வெட்டோடு சரி.

ஒரு தடுப்புப் போதும்

காசே இல்லாமலும் ஆரம்பிக்கலாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குத் தடுப்பு வைத்தால் மறுநாள் காலை 7.30 வரை மோட்டார் வண்டி கிடையாது. குழந்தை முதல் கிழவர் வரை ரோட்டு நடுவிலேயே நடக்கிறார்கள். தென் அமெரிக்காவின் பொகோடா நகரத்தில் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய சாலைகளையே காருக்கு மூடிச் சைக்கிளுக்கு விடுகிறார்கள். இன்று அது நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நம்ம அரசும் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கியது. வேளாங்கண்ணியில் மாதம் ஒரு ஞாயிறு, விடிகாலை இரண்டு மணி நேரம், கடற்கரைப் பக்கம் ஒரு தெருவை மட்டும் இப்படி விட்டுப் பார்க்கலாமே? கடைக்காரர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். நடந்து களைத்தவன்தான் டீக்கும் இளநீருக்கும் நிற்பான் என்று தெரிந்தால் அவர்களே தடுப்பை எடுத்து வைப்பார்கள்!

நம்ம பங்கு

சர்வே கேம்ப் என்று வருஷா வருஷம் போகிறோம். அளந்த இடத்தையே அளந்து, போன வருஷ சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறோம். இந்த முறை வெள்ளையாற்றுக் கரையில் ஐந்து கிலோமீட்டர் அளப்போம். எங்கே 3 மீட்டர் இருக்கிறது, எங்கே கரை சரிந்திருக்கிறது, எங்கே மதகு குறுக்கிடுகிறது என்று குறிப்போம். சிவில்காரர்கள் எஸ்டிமேட் போடட்டும். எலக்ட்ரிகல் நண்பர்கள் சோலார் விளக்குக்குக் கணக்குப் போடட்டும். மெக்கானிகல்காரர்கள் கொட்டகையில் துருப்பிடித்த சைக்கிள்களை ஒர்க்ஷாப்பில் பழுது பார்த்துத் தரட்டும். இறுதியாண்டு புராஜெக்ட்டாக அதைத் தைத்து, பேரூராட்சி மன்றத்தில் கொண்டுபோய்க் கொடுப்போம். வெறுங்கையோடு போய் 'செய்யுங்க சார்' என்றால் 'பார்க்கலாம் தம்பி' என்பார்கள். அளவும் எஸ்டிமேட்டும் கையில் இருந்தால் அப்படித் தட்டிக்கழிப்பது அத்தனை சுலபம் இல்லை.

தேர் தானாக நகர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. ஊர் கூடித்தான் இழுக்க வேண்டும். வடத்தில் முதல் கை நம்ம கையாக இருக்கட்டும் நண்பர்களே! திருப்பூண்டியிலிருந்தும் கீழையூரிலிருந்தும் வருகிறவர்கள், வரும் திங்கட்கிழமை கொட்டகையில் கிடக்கிற சைக்கிளுக்குக் காற்றடியுங்கள். மற்றதைச் சேர்ந்து மிதித்துக்கொண்டே பேசலாம்!