பூட்டின் கனடிய உணவு அன்று

பெங்களூருவின் கோரமங்கலா, இந்திராநகர் உணவகங்களில் பூட்டின் வாங்கி உண்ணும் ஆய்வு மாணவர்களிடையே ஒரு விவாதம் தவறாமல் எழுகிறது: தட்டில் வந்திருப்பது அசல்தானா? வறுத்த உருளைக்கிழங்கின்மேல் துருவிய மொட்சரெல்லா, இறைச்சிச்சாற்றுக் குழம்புக்குப் பதில் காளான் குழம்பு. ஆகவே போலி என்று தீர்ப்பாகிவிடுகிறது. தீர்ப்பு வழங்கும் அதே அறிஞர்கள், பெயருக்கு முன்னால் ‘கனடிய’ என்னும் அடைமொழி நிற்பதைக் கண்டு ஒரு நொடியும் தயங்குவதில்லை. தயங்க வேண்டிய இடம் அதுதான்.

பொருள் மாறுவது குற்றம் அன்று. பூட்டினுக்குரிய சீஸ் கட்டி, ரென்னட்டால் திரைத்த பாலிலிருந்து அன்றன்று எடுக்கப்படுவது. கடித்தால் பல்லில் கீச்சிடும். குளிர்பெட்டியில் ஓரிரு நாள் இருந்தாலே அந்தக் கீச்சொலி போய்விடும். கடல் கடந்து அது வராது. இந்திய ஆங்கிலத்தில் ‘கர்ட்’ என்றால் தயிர் என்பதால், பட்டியலில் ‘சீஸ் கர்ட்’ என்று படிப்பவர் தயிரை எதிர்பார்ப்பதும் உண்டு. வீட்டில் செய்வோர் பனீரை இடுகின்றனர். பனீர் அமிலத்தால் திரைந்தது, சூட்டில் இளகாது; எனவே குழம்போடு சேராமல் தனித்து நிற்கும். பெங்களூருவிலேயே பெனடிக்டின் துறவியர் வல்லோம்ப்ரோசா என்ற பெயரில் மொட்சரெல்லா செய்து விற்கின்றனர். அதைத் துருவாமல் பிய்த்துப் போட்டு, ஹாசன் உருளைக்கிழங்கை இருமுறை வறுத்து, கொதிக்கும் குழம்பை உண்ணும் வேளையில் ஊற்றினால் நல்ல உணவு கிடைக்கும். கியூபெக்கிலிருந்து யாரும் வழக்குத் தொடுக்கப் போவதில்லை.

பெயரின் கதை வேறு. பூட்டின் 1950களின் இறுதியில் கியூபெக்கின் நாட்டுப்புறச் சிற்றுண்டிக் கடைகளில் பிறந்தது. வார்விக் ஊரின் ஃபெர்னான் லஷான்ஸ் 1957இல் முதலில் செய்தார் என்பர் ஒரு சாரார்; 1964இல் டிரம்மண்ட்வில்லில் ழான்-போல் ருவா குழம்போடு விற்றதே முதல் என்பர் மறுசாரார். அந்த ஊர்ச் சண்டை அவர்களுக்குள் இருக்கட்டும். இருவரும் பிரெஞ்சு பேசிய கியூபெக்கியர் என்பதில் சண்டை இல்லை. கியூபெக் பிரெஞ்சில் ‘இ’க்கு முன்வரும் ‘ட்’, ‘ட்ஸ்’ ஆகத் திரியும். எனவே அங்கே இது ஏறத்தாழ ‘புட்சின்’. தமிழில் எழுதப்படும் ‘பூட்டின்’ ஆங்கிலத்தின் வாய்வழி வந்த வடிவம். அடைமொழியும் அதே வழியில்தான் வந்தது.

நெடுங்காலம் பூட்டின் கியூபெக்கியரை இழிவுபடுத்தப் பயன்பட்ட சொல். கொழுப்பு, மலிவு, நாட்டுப்புறம் என்ற ஏளனம் அதில் ஒட்டியிருந்தது. அப்போது அதை யாரும் ‘கனடிய’ உணவு என்று உரிமை கொண்டாடவில்லை. உலகம் சுவைக்கத் தொடங்கிய பிறகு உரிமை வந்தது. 2016 மார்ச்சில் கனடியப் பிரதமருக்கு வெள்ளை மாளிகையில் அளித்த விருந்தில் பூட்டின் சிற்றுருவில் பரிமாறப்பட்டது. வெர்மான்ட் பல்கலைக்கழக ஆய்வு மாணவராக இருந்த நிக்கோலா ஃபாபியன்-உவெலெ இதைத்தான் தம் கட்டுரையில் பண்பாட்டுக் கையகப்படுத்தல் என்றார். பிறர் சமைப்பதையோ உண்பதையோ அவர் எதிர்க்கவில்லை. ‘கனடிய’ என்று முத்திரையிடுவதை எதிர்த்தார். அதற்காகக் கேலிக்கும் ஆளானார்.

இந்த வாதம் பெங்களூருத் தமிழருக்கும் கன்னடருக்கும் புரியாதா? 2019இல் மைசூர்பாகின் புவிசார் குறியீடு தமிழ்நாட்டுக்குப் போய்விட்டதாக ஒரு கேலிப்பதிவு பரவியபோது இந்நகரம் கொதித்தது. ‘மதராஸி’ என்ற ஒற்றைச் சொல்லில் நான்கு மொழியினரை அடைத்த வடவரைத் தமிழர் இன்றும் மன்னிக்கவில்லை. மொழிக்கொள்கைக் கருத்தரங்கில் கியூபெக்கின் 1977 பிரெஞ்சு மொழிச் சாசனத்தை மேற்கோள் காட்டாத தமிழ் ஆய்வாளர் அரியர். அதே ஆய்வாளர் மாலையில் ‘கனடிய பூட்டின் ஒன்று’ என்று கேட்கிறார். காலையில் எடுத்துக்காட்டாக இருந்த இனம் மாலையில் காணாமற் போகிறது.

கியூபெக் கனடாவில்தானே இருக்கிறது என்பது மறுப்பு. இருக்கிறது. நிலப்படத்தில் அது சரி. அந்தத் தருக்கப்படி பிசிபேளேபாத்தை ‘இந்தியச் சோறு’ என்றும் எழுதலாம். எழுதிப் பார்த்தால் தெரியும். பெயரில் என்ன இருக்கிறது என்போர் 2022ஐ நினைக்கலாம்: ரஷ்ய அதிபர் பெயரும் பிரெஞ்சில் இதே எழுத்துகளால் எழுதப்படுவதால், உக்ரைன் படையெடுப்பின்போது டிரம்மண்ட்வில்லின் அந்தப் பழைய கடையே ‘பூட்டின்’ என்ற சொல்லைச் சில காலம் கைவிட்டது. சொல் அவர்களுடையது, விலக்கவும் மீட்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

உணவகம் செய்ய வேண்டியது அடுத்த முறை அச்சிடும்போது ‘கனடிய’ என்பதை அடித்துக் ‘கியூபெக்’ என்று எழுதுவது. அதைக் கேட்க வேண்டியவர்கள், மொட்சரெல்லாவைக் கண்டு முகம் சுளிக்கும் அந்த மேசைக்காரர்கள்தாம்.