வெளியே வாங்கச் சொல்லும் மாத்திரை



என் தம்பிக்கு அரசு மருத்துவமனை ஒன்றில் மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். கொடுத்தவர் எங்கள் அம்மா. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்ததால் அறுவைக்கு ஒரு பைசா செலவில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ், மைகோபினோலேட் மாத்திரைகளும் மாதாமாதம் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அதே கவுன்ட்டரில் வால்கான்சிக்ளோவிர் கேட்டால், "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்குங்க" என்று சீட்டை நீட்டுகிறார்கள்.

இது சத்து மாத்திரை அல்ல, சைட்டோமெகலோ வைரஸைத் தடுக்கும் மருந்து. இந்த வைரஸ் நம் நாட்டில் பெரும்பாலோர் உடம்பில் சின்ன வயதிலேயே புகுந்து சத்தமில்லாமல் கிடக்கிறது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாதிருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கும்போது அது தலைதூக்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வெள்ளை அணுக் குறைவு என்று தொடங்கி, வைத்த சிறுநீரகத்தையே பழுதாக்கிவிடலாம். அதனால்தான் முதல் 3 மாதம், சிலருக்கு 6 மாதம் வரை, வால்கான்சிக்ளோவிரைத் தடுப்பாகக் கொடுக்கிறார்கள்.

விசைத்தறி வேலையை விட்டு வீட்டிலிருக்கும் என் தம்பி இதை எப்படித் தினமும் காசு கொடுத்து வாங்குவான்? மெடிக்கலில் அட்டையைக் கத்தரித்து நாலு நாலாக வாங்குகிறோம். மறுபரிசோதனைக்குக் காத்திருந்தபோது ஓர் அம்மா, மகனுக்கு இந்த மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதாகச் சொன்னார். எனக்குப் பதறிவிட்டது. உடைக்கவே கூடாத மாத்திரை அது. தூள் கையில் படுவதே கேடு. அளவு குறைந்தால் வைரஸ் கிளம்பிவிடும், போகப்போக மருந்துக்கே அடங்காது. கிளம்பிய பிறகு வாரக்கணக்கில் வார்டில் படுக்கவைத்து கான்சிக்ளோவிர் ஊசி ஏற்றும் செலவு யாருடையது? அதுவும் அரசுடையதுதானே!

2022-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வால்கான்சிக்ளோவிர் சேர்க்கப்பட்டுவிட்டது. அத்தியாவசியம் என்று எழுதிவிட்டு அலமாரியைக் காலியாக வைத்திருப்பது என்ன நியாயம்? மருத்துவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. சீட்டு எழுதும்போது அவர்களும் சங்கடப்படுகிறார்கள்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தக் கொள்முதலில் நாட்டுக்கே வழிகாட்டி என்று பெயரெடுத்த அமைப்பு. உறுப்பு மாற்று நடக்கும் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இந்த மாத்திரை தட்டுப்பாடில்லாமல் இருக்க அது ஏற்பாடு செய்ய வேண்டும். டாக்ரோலிமஸ் தரும் அதே நாளில், அதே கவுன்ட்டரில் இதையும் தர வேண்டும். ரத்தத்தில் வைரஸ் அளவு பார்க்கும் பரிசோதனைக்கும் எங்களைத் தனியார் ஆய்வகத்துக்குத்தான் அனுப்பினார்கள். அதையும் அரசே செய்ய வேண்டும். இருப்பு வரும்வரை, வெளியே வாங்கிய ரசீதுக்குக் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து பணத்தைத் திருப்பித் தர சுகாதாரத்துறை உடனே உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகி,
சங்கரன்கோவில்.