பொனட்டுக்குள் ஒரு இரகசியம்

கலைப்பீடத்துப் பெடியளுக்கும் டேர்போவுக்கும் என்ன சம்பந்தம் எண்டு நீங்கள் கேட்கலாம். போன மார்கழி வரைக்கும் எங்களுக்கும் ஒண்டும் இருக்கேல்லை. அந்த ‘உஸ்ஸ்’ எண்ட சத்தம் பிடிக்கும், வீடியோ வந்தால் லைக் போடுவம், அவ்வளவுதான். பிறகு எங்கட பட்சில் ஒருவன் தன்ர அப்பாவின் 1300 சீசீ காருக்கு பாவிச்ச டேர்போ ஒண்டு பூட்டினான். நாங்கள் நாலு பேர் கராஜ் வாசலில் பிளேன்டீ குடிச்சுக்கொண்டு நிண்டு வீடியோ எடுத்தோம். “இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேணுமோ?” எண்டு அவன் கேட்டான். “விசரா, சொன்னா பிரீமியத்தைக் கூட்டுவாங்கள், பேசாமல் இரு” எண்டு சொன்னது நாங்கள்தான்.

அந்தப் பதிலைத் திருப்பி எடுக்கத்தான் இதை எழுதுகிறோம்.

ஒரு மாதம்கூட ஆகேல்லை. கோண்டாவில் பக்கம் மழைக்குள் ஒரு ஓட்டோவின் பின்பக்கத்தில் கார் போய் இடித்தது. ஓட்டோ அண்ணைக்கு மணிக்கட்டு முறிவு. காரின் முன்பக்கம் நசிஞ்சு போச்சு. இன்சூரன்ஸ் அசெசர் வந்து பொனட்டைத் திறந்தார், நாலைந்து படம் எடுத்தார். “தம்பி, இது கொம்பனியிலேயே வந்ததோ?” எண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு கடிதம் வந்தது. அறிவிக்காமல் செய்த மாற்றம், ஆகவே காருக்கு நட்டஈடு இல்லை. ஓட்டோ அண்ணை கை மாறும் வரைக்கும் உழைப்பில்லாமல் இருந்தார். வழக்கு, விசாரணை எண்டு இழுபடாமல், அம்மாவின் நகையை அடகு வைத்து அவருக்குக் காசு கொடுத்தார்கள். காருக்கு லீசிங் இன்னும் முடியேல்லை. முற்றத்தில் படங்கால் மூடி நிற்கிற காருக்கு அப்பா மாதா மாதம் காசு கட்டுகிறார்.

டேர்போவில் எங்களுக்குக் கோபம் இல்லை. புகைக்குழாயால் வீணாகப் போகிற சூடான வாயுவைக் கொண்டு ஒரு சில்லைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் என்ஜினுக்குள் கூடக் காற்றைத் தள்ளுகிற யோசனைக்கு சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905இலேயே காப்புரிமை எடுத்துவிட்டார். எங்கட வீதிகளில் ஓடுகிற ஜப்பான் 660 சீசீ கார்கள் சிலவும் தொழிற்சாலையிலிருந்தே டேர்போவோடு வந்தவைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிண்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடையில் பழைய கார்களின் விலை எங்கேயோ போச்சு. புதுசு வாங்கேலாத பெடியன் இருக்கிறதை வேகமாக்கப் பார்க்கிறது விளங்காத விஷயமில்லை.

ஆனால் தொழிற்சாலை பூட்டுவதும் நாங்கள் பூட்டுவதும் ஒண்டில்லை. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல். அதற்கு மேலே இன்னும் 7 இறாத்தல் தள்ளினால் கிட்டத்தட்ட ஒண்டரை மடங்கு காற்று உள்ளே போகும். அதற்கேற்ற பெற்றோலும் போகவேணும். இல்லாவிட்டால் கலவை மெலிந்து, பெற்றோல் நேரம் தப்பி வெடித்து, பிஸ்டன் உடையும். அமுக்கிய காற்று சூடாகும், அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேணும். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய அந்தச் சில்லுக்கு சுத்தமான ஒயில் நிற்காமல் போகவேணும். டேர்போ இல்லாமல் ஓட வடிவமைத்த என்ஜினில் அமுக்க விகிதம் ஏற்கனவே கூட இருக்கும். 92 பெற்றோல் அடித்து ஓடுகிற பழக்கத்தையும் விடவேண்டி வரும். இதெல்லாம் செய்தாலும் பிரேக்கும் ரயரும் கிளச்சும் பழைய வலுவுக்குச் செய்தவைதான். எங்கட நண்பன் டேர்போவுக்குச் செலவழித்தான், பிரேக்குக்கு ஒரு சதமும் செலவழிக்கேல்லை. நாங்களும் கேட்கேல்லை. பிரேக்கை வீடியோ எடுத்து யார் போடுவான்?

இன்சூரன்ஸ் விஷயத்துக்கு வருவம். டேர்போ பூட்டினால் என்ஜினின் சீசீ மாறாது. வாகனப் புத்தகத்தில் அதே 1300. புகைப் பரிசோதனையும் வரிப்பத்திரமும் அவனுக்கு முன்னர்போலவே கிடைத்தன. 2025 ஜனவரியில் பஸ், ஓட்டோக்களில் பூட்டின மேலதிக சோடனைகளைப் பொலிஸ் கழட்டத் தொடங்கினபோது நாங்கள் ஏசினோம். வெளியில் தெரிகிறது பிடிபடும், பொனட்டுக்குள் இருக்கிறது பிடிபடாது. கொம்பனி அதை அறிய ஒரே வழி எங்கட வாய்தான். அதனால்தான் மறைக்க ஆசை வருகுது. மறைத்தால் முழு ஒப்பந்தமும் ஆட்டம் காண்கிறதும் அதனால்தான்.

இது சும்மா கொம்பனிக்காரர் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. 1766இல் இங்கிலாந்தில் நடந்த கார்ட்டர் எதிர் போம் வழக்கில் மான்ஸ்பீல்ட் பிரபு இதைத் தெளிவாகச் சொன்னார்: ஆபத்தைப் பற்றிய விபரம் காப்புறுதி எடுப்பவருக்குத்தான் தெரியும், அதை ஒளிக்கக்கூடாது. சுமாத்திராவில் இருந்த ஒரு கோட்டைக்கு எடுத்த காப்புறுதி பற்றின வழக்கு அது. ஆனால் கடைசியில் வெண்டது காப்புறுதி எடுத்தவர். நல்லெண்ணம் இரண்டு பக்கத்துக்கும் உரியது, தெரிந்துகொண்டே பேசாமல் காசை வாங்கிவிட்டு பிறகு ‘சொல்லேல்லை’ எண்டு காப்புறுதி கொடுத்தவரும் தப்பேலாது எண்டதும் அதே தீர்ப்பில் உள்ளதுதான்.

அதனால் எங்களுக்குக் கொம்பனியிடமும் ஒரு முறைப்பாடு இருக்கு. எங்கட நண்பனின் அப்பா கையெழுத்து வைத்த படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. முகவர் ஐந்து நிமிடத்தில் இடத்தைக் காட்டினார், ஐயா கையெழுத்து வைத்தார். ‘வாகனத்தில் ஏதாவது மாற்றம் செய்தால் எங்களுக்கு அறிவியுங்கள்’ எண்டு தமிழில் ஒரு வரி இருந்திருந்தால், அப்பாவாவது மகனைக் கேட்டிருப்பார். உரிமை கோரும்போது காட்டுகிற கவனத்தில் பாதியை விற்கும்போது காட்டினால் போதும்.

டேர்போ போடத்தான் போகிறீர்கள் எண்டால், பூட்ட முதலே இன்சூரன்ஸ் கொம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். முகவரிடம் போனில் சொன்னது கணக்கில்லை. அவர்கள் ஒத்துக்கொண்டதைப் பத்திரத்தில் திருத்தமாக வாங்குங்கள். பிரீமியம் கூடும், அதையும் டேர்போவின் விலையோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். முடியாது எண்டால் வேறு கொம்பனியைக் கேளுங்கள், ஒருவரும் ஏற்காவிட்டால் அதையே ஒரு பதிலாக எடுங்கள். லீசிங் காராக இருந்தால், கடன் முடியும் வரை அது உங்கட கார் இல்லை. லீசிங் கொம்பனியிடமும் கேட்க வேணும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருக்கிறவர்களுக்கு, சொன்னாலும் சொல்லாவிட்டாலும், சொந்தக் கார் உடைந்தால் ஒரு சதமும் வராது. கொம்பனியின் முடிவு அநியாயம் எண்டு நினைத்தால் கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், அவருக்கு எழுதலாம்.

“என்ர கார், என்ர காசு, என்ர உயிர்” எண்டு சில பேர் சொல்லுவார்கள். எங்கட நண்பனின் விஷயத்தில் கார் லீசிங் கொம்பனியின்ர, காசு அப்பாவின்ர, முறிஞ்ச கை ஓட்டோ அண்ணையின்ர.

டேர்போவைக் கழட்டி ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறான், வாங்க ஆளில்லை. ஓட்டோ அண்ணை திரும்பவும் ஓடுகிறார். பின்னேரங்களில் கம்பஸ் வாசலில் நிற்கிறபோது எங்களையும் ஏற்றுவார், “தம்பியின்ர கார் திருத்தியாச்சோ?” எண்டு விசாரிப்பார். நாங்கள் சொன்ன புத்தி அது எண்டு அவருக்கு இன்னும் தெரியாது.