நட்சத்திர மீனைப் புரட்டிப் பார்க்க ஆள் வேண்டும்

ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் இருக்கும் டாஸ்மேனியாத் தீவின் தலைநகர் ஹோபார்ட். அதை ஒட்டிய டெர்வென்ட் முகத்துவாரத்தில் 1986இல் ஒரு நட்சத்திர மீன் கிடைத்தது. ஐந்து கை, மஞ்சள் உடம்பு, ஆங்காங்கே ஊதாத் திட்டு. உள்ளூரில் காலங்காலமாக வாழும் யூனியோஃபோரா கிரானிஃபெரா என்றே அதற்குப் பெயர் எழுதி வைத்தார்கள். அது ஜப்பான் பக்கத்துக் கடலிலிருந்து வந்து குடியேறிய அஸ்டீரியஸ் அமுரென்சிஸ் என்பது 1992இல்தான் தெளிவானது.

இடையில் போனது ஆறு ஆண்டு. ஒரு பெண் நட்சத்திர மீன் ஓராண்டில் கோடிக்கும் மேல் முட்டையிடும். அதன் குஞ்சுகள் மூன்று மாதம் வரை நீரோட்டத்தில் மிதந்து திரியும். அப்படிப்பட்ட உயிருக்கு ஆறு ஆண்டு அவகாசம் கொடுத்தால் என்ன ஆகும்? முகத்துவாரத்தின் அடித்தரையில் அது லட்சக்கணக்கில் பெருகியது. சிப்பி, மட்டி என்று அகப்பட்டதையெல்லாம் தின்றது. உலகில் வேறெங்கும் இல்லாத புள்ளிக் கைமீன் முட்டையிட்டுச் சுற்றிவைக்கும் தண்டு போன்ற சிறு கடலுயிர்களையும் விட்டுவைக்கவில்லை. 1995இல் மெல்பர்ன் நகரின் போர்ட் பிலிப் விரிகுடாவிலும் தலைகாட்டியது. சில ஆண்டுகளுக்குள் அங்கே அதன் எண்ணிக்கை சுமார் 1.2 கோடி என்று மதிப்பிட்டார்கள்.

முதலிலேயே அடையாளம் தெரிந்திருந்தால் ஒழித்திருக்கலாம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதற்கான வாய்ப்பாவது இருந்திருக்கும். 1999இல் அதே நாட்டின் டார்வின் துறைமுகத்தில் ஓர் அந்நியச் சிப்பி இனம் கண்ணில் பட்டது. இன்னதென்று உடனே தெரிந்ததால் படகுத்துறைகளை அடைத்து, குளோரினும் தாமிர சல்பேட்டும் கொட்டி, சில வாரங்களில் அதை முற்றாக ஒழித்தார்கள்.

டெர்வென்டில் குழம்பிய இரண்டு இனங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மேலோட்டமாகப் பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு பிடிபடும். உள்ளூர் இனத்தின் கைநுனி மழுங்கியிருக்கும். முதுகில் முட்களுக்குப் பதிலாக உருண்டைக் குமிழ்கள். வந்தேறியின் கைகள் நுனியில் கூர்ந்து மேல்நோக்கி வளைந்திருக்கும். புரட்டிப் போட்டால், ஒவ்வொரு கையின் நடுவிலும் குழாய்க்கால்கள் நிறைந்த பள்ளம் ஒன்று ஓடும். அதன் கரையோரமாக ஒற்றை வரிசையில் முட்கள் வந்து வாயருகே விசிறிபோல் கூடும். இதிலும் ஐயம் தீராவிட்டால் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, தோலில் இருக்கும் நுண்ணிய இடுக்கிகளின் அமைப்பைப் பார்க்கலாம். கொஞ்சம் பிளீச்சிங் திரவத்தில் சதையைக் கரைத்து எலும்புத் தகடுகளின் அடுக்கையும் பார்க்கலாம். இதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஆள்தான் வேண்டும்.

நிறத்தை நம்பவே கூடாது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரே பாறையில் ஊதாவிலும் ஆரஞ்சிலும் பழுப்பிலும் ஒட்டிக்கிடக்கும் பிசாஸ்டர் ஓக்ரேசியஸ் நட்சத்திர மீன்கள் அத்தனையும் ஒரே இனம்.

குழப்பம் எதிர்த்திசையிலும் நேரலாம். அதே டாஸ்மேனியாவின் தென்கிழக்குக் கரையில், நகத்தளவே இருக்கும் பார்வுலாஸ்ட்ரா விவிபாரா என்ற நட்சத்திர மீன் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் கிடையாது. கரையோரப் பாறைகளில் சாதாரணமாகக் காணப்படும் பார்வுலாஸ்ட்ரா எக்சிகுவா இதன் நெருங்கிய உறவு. எக்சிகுவாவின் முட்டைத் துளைகள் வயிற்றுப்பக்கம் இருக்கும். முட்டைகளைக் கல்லில் ஒட்டிவிட்டுப் போய்விடும். விவிபாரா முட்டையே இடாது. அதன் குஞ்சுகள் தாயின் இனப்பெருக்க உறுப்புக்குள்ளேயே, கூடப்பிறந்தவற்றைத் தின்று வளர்ந்து, முழு உருவோடு முதுகுப்பக்கத் துளை வழியாக வெளியே வரும். அந்தத் துளை எந்தப் பக்கம் என்று பார்க்கத் தெரியாதவருக்கு, அழியும் ஆபத்தில் இருக்கும் ஓர் உயிர் சாதாரணக் கரைப்பூச்சியாகவே தெரியும்.

மரபணுச் சோதனை வந்துவிட்டதே, இனி உடற்கூறு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பவளத்தைத் தின்னும் முட்கிரீட நட்சத்திர மீன் ஒன்றல்ல, நான்கு இனம் என்று 2008இல் காட்டியது மரபணுதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மரபணு வரிசை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை. ஒப்பிடுவதற்குச் சரியாகப் பெயரிட்ட மாதிரி உயிர் ஒன்று அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும். அந்தப் பெயரை முதலில் சரியாக வைத்தவர் உடற்கூறு படித்தவர்தான். கடற்கரையில் வலையை உதறும்போது எது புதிது, எதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்வதற்கும் அந்தக் கண்தான் வேண்டும்.

தமிழகக் கரைக்கு இது அயலூர்க் கதை அல்ல. எண்ணூரில் கழிமுகத்தடியை மூடிக்கொண்டு இறால் பிடிக்கும் மீனவர்களின் பிழைப்பைக் கெடுக்கும் காக்கா ஆழி என்ற சிப்பியும் தென்னமெரிக்காவைச் சேர்ந்த வந்தேறிதான். சரக்குக் கப்பல்கள் நிலை தடுமாறாமல் இருக்கத் தொட்டிகளில் நிரப்பிவரும், இத்தகைய வந்தேறிகளைச் சுமந்துவரக்கூடிய கடல்நீர் தூத்துக்குடியிலும் சென்னையிலும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இவற்றை அடையாளம் காண இங்கே அடித்தளம் இல்லாமலும் இல்லை. தூத்துக்குடியில் எட்கர் தர்ஸ்டன் சேகரித்த நட்சத்திர மீன், கடல் அட்டை வகைகளைப் பற்றி ஜெஃப்ரி பெல் லண்டனில் 1888இலேயே அறிக்கை வெளியிட்டார். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும், சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மையமும் இருக்கின்றன. வகைப்பாட்டியலை வாழ்க்கைத் தொழிலாக எடுத்துக்கொள்ளும் இளைஞருக்கு அங்கெல்லாம் நிரந்தர வேலை வேண்டும். மாதிரிச் சேகரிப்புகளைக் காக்கத் தனி நிதி வேண்டும். வலையில் புதிதாக எதையாவது கண்ட மீனவர் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவும், இன்னதென்று சில நாளில் பதில் பெறவும் ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் ஓர் ஏற்பாடு வேண்டும். மாநில மீன்வளத்துறை இந்தக் கடைசி வேலையை நாளைக்கே தொடங்கலாம்.